செனட்டர் அண்ணையும் பேசினார்

அயர்லாந்து நாட்டு மேல்சபையில் யார் எப்போது எழும்பினார், எதைப் பற்றிப் பேசினார், நடுவில் எத்தனை தரம் தண்ணீர் குடித்தார் என்பதெல்லாம் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அயர்லாந்துக்காரர் இல்லை. அந்த நாட்டைக் கண்ணால் கண்டதும் இல்லை. ஜெர்மனியில், பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் எங்கள் சின்ன ஊரில், ஒரு தளபாடக் களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய காப்புறுதி அட்டையில் பத்திரமாக இருக்கிறது. எங்களுக்கு அவர் செனட்டர் அண்ணை.

பைத்தியம் பிடித்த கதை சின்னது. டப்ளினில் இருக்கும் தங்கச்சி மகள், விசா விதி ஏதோ மாறுகிறது என்று சபைக் காணொளி ஒன்றை அனுப்பினாள். விசா விஷயம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. அண்ணை மிச்சத்தையும் பார்த்தார். பிறகு முந்தைய நாளுடையதைப் பார்த்தார். அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்தால் ஒரு கையில் தேத்தண்ணி, மறு கையில் அயர்லாந்து. அங்கே மேற்குக் கரைப் பக்கத்து செனட்டர் ஒருவர் அவருக்கு மிகவும் பிடித்துப்போனார். பெயரைச் சொல்லவே மாட்டார். "எங்கட ஆள்" என்பார், ஏதோ அவர் வீட்டில் பெண் எடுத்தவர் மாதிரி.

"எங்கட ஆள் நேற்று என்ன கேட்டவர் தெரியுமே, தம்பி? ஒரு தபால் கந்தோர். அதுக்கு முன்னாலை ரோட்டிலை ஒரு கிடங்கு, பெரிய பள்ளம். அந்தக் கிடங்கைப் பற்றி ஒன்பதாந்தரம் கேக்கிறார்!"

"கிடங்கை மூடிட்டினமோ, அண்ணை?"

"மூடினா பத்தாந்தரம் என்னத்தைக் கேக்கிறது?"

அந்தச் சபையின் இரண்டு பழக்கங்கள் அண்ணையை ஆட்டிப்படைத்தன. சண்டை பிடிக்க எழும்புகிறவர்கூட முதலில் ஊர் விளையாட்டுக் குழுவுக்கு வாழ்த்துச் சொல்லுவார், செத்தவர் வீட்டுக்கு அனுதாபம் சொல்லுவார், அதன் பிறகுதான் அமைச்சரின் கழுத்தைப் பிடிப்பார். அது ஒன்று. மற்றது, ஒவ்வொரு உறுப்பினருக்கும் இணையத்தில் ஒரு பக்கம் உண்டு; அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் அதில் வரிசையாக இருக்கும். "மனுசன் இண்டைக்கு வாய் திறந்தா நாளைக்கு எழுத்திலை இருக்கு" என்று சொல்லும்போது அண்ணையின் குரல் தழுதழுக்கும்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அதுவரை சண்டை நேராகவே தொடங்கும். விழாவுக்கு வடையா, ரோல்ஸா என்று கேட்டு முடிப்பதற்குள் கதிரை நகரும். அண்ணை எழும்பத் தொடங்கிய பிறகு வடைக்குப் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் எடுத்தது.

"தலைவர் அவர்களே, நிகழ்ச்சி நிரலுக்குப் போக முன்னம், கார் ஓட்டுற சோதனையிலை நாலாந்தரம் பாசான கமலா தங்கச்சிக்கு இந்தச் சபையின்ர வாழ்த்து. துருக்கிக் கடைக்காரற்ர காலமான பூனைக்கு எங்கட ஆழ்ந்த அனுதாபம்..."

பூனைக்காக எல்லோரும் எழும்பி நின்றோம். ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு யாருக்குத்தான் ரோல்ஸுக்காக அடிபட மனம் வரும்? அன்றைக்கு இரண்டும் செய்வதென்று ஏகமனதாகத் தீர்மானம்.

சங்கத்துச் செயலாளர் நான். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. நான் எழுதியது இவ்வளவுதான்: "செனட்டர் அண்ணையும் பேசினார்."

"தம்பி, நாப்பது நிமிசம் பேசினனான். மூண்டு சொல்லோ?"

"கை உளையுது, அண்ணை."

"அயர்லாந்திலை ஒருத்தருக்கும் கை உளையேல்லையே!"

ஒவ்வொரு மாதமும் இதே வழக்கு. ஒவ்வொரு மாதமும் இதே மூன்று சொல். நான் கொஞ்சம் கல்நெஞ்சன்.

இப்படி இருக்கையில்தான் எங்கள் சங்கத்துப் பாக்கியம் அக்காவின் வீட்டுக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பிடத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் பழுது. ஒவ்வொரு நாளும் காலையில் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு வேலைக்குப் போகிறவர். அடுத்த தரிப்பிடம் தேவாலயத்தைத் தாண்டி மேட்டில் இருக்கிறது. "அங்க வரைக்கும் ஏற எனக்கு ஏலாது தம்பி, வேலையை விடத்தான் வேணும்" என்றார். அக்கா அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அழுதார்.

நான் ஊர்ச்சபைக்கு இரண்டு அன்ட்ராக் எழுதி அனுப்பினேன். விண்ணப்பம் கிடைத்தது என்ற பதில்கூட வரவில்லை. ஆனால் ஊர்ச்சபைக் கூட்டத்தின் தொடக்கத்தில் குடியிருப்பாளர்கள் கேள்வி கேட்க நேரம் உண்டு. ஆளுக்கு ஒரு கேள்வி, மூன்று நிமிடம், சொற்பொழிவு கூடாது. யார் கேட்பது? களஞ்சிய மேலாளரோடு முப்பது வருடம் வாதாடி வளர்ந்த ஜெர்மன் மொழி அண்ணையிடம்தான் இருந்தது. வேறு வழி இல்லை.

நான் கைத்தொலைபேசியில் நேரம் வைத்து ஒத்திகை பார்த்தேன். முதல் தரம் பதினொரு நிமிடம். இரண்டாந்தரம், நான் கெஞ்சிய பிறகு, பதின்மூன்று.

"அண்ணை, வாழ்த்து வேண்டாம். தரிப்பிடத்தை எடுக்காதேங்கோ, அவ்வளவுதான்!"

"வீட்டுக்குள்ள போறவன் சப்பாத்தைக் கழட்டாமப் போறதோ, தம்பி? சரி, சுருக்கிறன். சத்தியம்."

கூட்டத்து நாள் பின்னேரம் அண்ணை கழுத்துப்பட்டியோடு வந்தார். பாக்கியம் அக்கா கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்தார். அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். ஊர்ப் பெண்பிள்ளைகளின் கைப்பந்துக் குழுவுக்கு வாழ்த்து. தீயணைப்புப் படையின் புது வண்டிக்கு வாழ்த்து. "உங்கள் கேள்வி என்ன?" என்று சபைத் தலைவி கேட்டார். "வருகிறேன், அம்மணி" என்று சொல்லிவிட்டு, சந்தையடியில் வெட்டப்பட்ட கஷ்கொட்டை மரத்துக்கு அனுதாபம் தொடங்கினார். அந்த மரத்தின் கீழ் எத்தனை பேர் மழைக்கு ஒதுங்கினார்கள், எத்தனை பேர் காதலைச் சொன்னார்கள் என்று போனது உரை. முன்வரிசையில் ஒரு பெரிய மீசை உறுப்பினர் மூக்கைச் சிந்தினார். சபை உருகியது. தலைவி மணி அடித்தார். அண்ணை குனிந்து நன்றி சொல்லிவிட்டு, முகமெல்லாம் பூரிப்போடு வந்து உட்கார்ந்தார்.

"எப்பிடித் தம்பி?"

"அண்ணை, பஸ் தரிப்பிடம்?"

அவர் முகம் வெளுத்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மரத்தடியில் நின்ற மனிதர் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார்.

அப்போதுதான் பாக்கியம் அக்கா எழும்பினார். ஒரு கையால் கதிரையைப் பிடித்தார், மறு கையால் என் தோளை. ஒரு அடி. நின்று மூச்சு. இன்னொரு அடி. நான் கைகொடுக்கப் போக, "விடு" என்றார். கடைசி வரிசையிலிருந்து ஒலிவாங்கி வரை முழுச்சபையும் அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தது. தலைவி மணியில் கை வைத்தபடியே இருந்தார், அடிக்கவில்லை. அக்கா போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்கி, தன்னுடைய உடைந்த ஜெர்மனில் கேட்டார்.

"நான் கதிரையிலிருந்து இங்கே வர இவ்வளவு நேரம். அடுத்த பஸ் தரிப்பிடத்துக்கு எவ்வளவு நேரம்? இதுதான் கேள்வி."

மீசைக்காரர் மறுபடியும் மூக்கைச் சிந்தினார். அடுத்த மாதம் அறிவித்தலைக் கழற்றிவிட்டார்கள். தரிப்பிடம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஊர்ச்சபையின் கூட்டக் குறிப்பு வந்தது. அண்ணை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தன் உரையைத் தேடினார். அக்காவின் கேள்வி முழுதாக இருந்தது. அதற்கு மேலே ஒரு வரி: "ஒரு குடியிருப்பாளரும் பேசினார்."

"இவங்களுக்கும் கை உளையுது போல" என்றார் அண்ணை. சிரிக்கத்தான் முயன்றார். "என்ர மறதிக்கு இது போதும், தம்பி. அக்கா எழும்பாட்டி நான் அவவின்ர வேலையைத் திண்டிருப்பன்." அந்த மாதம் சங்கக் கூட்டத்தில் அவர் எழும்பவே இல்லை. வடைக்கு ஐந்தே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம், பத்தாவது நிமிடத்தில் கதிரை நகர்ந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னம் நான் உட்கார்ந்து அண்ணையின் பேச்சை முழுதாக எழுதினேன். கைப்பந்து, தீயணைப்பு வண்டி, கஷ்கொட்டை மரம், மரத்தடிக் காதலர்கள், பாக்கியம் அக்காவின் கேள்வி, பழைய பூனைகூட. கூட்டத்தில் எழும்பி வாசித்தேன். அண்ணை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மெல்ல எழும்பினார்.

"தலைவர் அவர்களே, ஒரு திருத்தம். 'பாக்கியம் அக்கா' எண்டதுக்கு முன்னாலை 'மதிப்புக்குரிய' விடுபட்டிருக்கு."

சேர்த்துவிட்டேன். மொத்தம் ஐந்தரைப் பக்கம், கை நன்றாகவே உளைந்தது, ஒரு எழுத்தும் வெட்டவில்லை.