நாலு நொடிக்கு ஒரு சிமிட்டல்

ஏழு நிமிடமாகக் கருப்பண்ணன் கண்ணே சிமிட்டவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. கருப்பண்ணனோ அதற்குள் இரண்டு கொட்டாவி விட்டு, கண்ணைக் கசக்கி, ஒரு தும்மலும் போட்டு முடித்திருந்தார்.

வேல்முருகன் அதை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தான்; அதே பதில்தான். படம் வரைகிறவர் கண் பொருள் மேல் எவ்வளவு நேரம், தாள் மேல் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று காமிரா வைத்துக் கணக்கெடுக்கும் மென்பொருள் அவன் எழுதியது. திரையில் முகம் வராது; கண் மட்டும் கோட்டுப் படமாகத் தெரியும். மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். சரியாக ஓடினால் இந்தக் கல்லூரியிலேயே நிரந்தர வேலை. ஓடாவிட்டால் போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் மறுபடி பைப் தூக்க வேண்டியதுதான். தோளில் பழைய காய்ப்பு இன்னும் மறையவில்லை.

சோதனையும் கொஞ்சமில்லை. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே, கூட்டிப் பெருக்கும் மாரியாயி காமிரா நடுவில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். அதைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆனது. "இனி மிஷினைத் தொட்டீங்கன்னா பாருங்க" என்று கத்தியிருந்தான்.

"ஏனுங்க தம்பி, சொம்பு முடிஞ்சுது. ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றார் கருப்பண்ணன். நாமக்கல் பட்டறையில் இருபது வருடமாக லாரி முதுகில் புலியும் பூதமும் எழுதியவர். மேசை மேலிருந்த பித்தளைச் சொம்பு, நசுங்கல் உட்பட, தாளில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"இன்னொருக்கா வரையுங்கண்ணா. நீங்க தாளையே பார்க்கலைன்னு மிஷின் சொல்லுது."

"பாக்காம எப்படீங்க வரைவேன்? உங்க மிஷினைக் கொண்டுபோய் ஆசுபத்திரில காட்டுங்க மொதல்ல."

வெளிச்சம் போதவில்லை போல என்று வேல்முருகன் இன்னொரு டியூப்லைட்டைப் போட்டான். தொண்ணூறு சதவீத நேரம் சொம்பைப் பார்த்து, மீதி நேரம் காணாமல் போன கண், இப்போது நூறு சதவீதம் பார்த்தது. உயரம்தான் கோளாறோ என்று நாற்காலியைத் தாழ்த்தி, கருப்பண்ணனைக் குனிய வைத்தான். திரையில் கண் முன்னைவிட அகலமாகத் திறந்துகொண்டது.

"தம்பி, இடுப்பு போகுதுங்க!"

"கொஞ்சம் பொறுங்கண்ணா. என் பொழப்பே உங்க கண்ணுலதான் இருக்கு."

மணி இரண்டே முக்கால். வேறு வழியில்லை. நாலு நொடிக்கு ஒருதரம் திரையில் கண்ணைச் சிமிட்டச் சொல்லி மென்பொருளில் ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட்டான். கண் லட்சணமாகச் சிமிட்டியது.

அதிகாரி ஜீவானந்தம் வந்து திரையை உற்றுப் பார்த்தார். "அபாரம்! கவனம் முழுக்க பொருள் மேல. சிமிட்டல்கூட எவ்வளவு ஒழுங்கா இருக்கு!"

வேல்முருகனின் தோள் லேசானது.

அந்நேரம் மாரியாயி டீயோடு வந்தாள். "அப்பாடா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்த கருப்பண்ணன், தம்ளரோடு ஜன்னலோரம் போய்விட்டார்.

நாற்காலி காலி. திரையில் கண் சொம்பையே பார்த்தது. சிமிட்டியது. மறுபடி பார்த்தது.

"தம்பி," என்றார் ஜீவானந்தம் மெதுவாக, "நாற்காலி கண்ணடிக்குதே?"

வேல்முருகன் திரைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான். "நான் எதையும் சேர்க்கலீங்க சார். காமிரா பார்க்கிறதைத்தான் காட்டும்."

"அப்ப இது யார் கண்ணு?"

மாரியாயி தட்டை வைத்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் சுவரைக் கைகாட்டினாள். "பொட்டுத்தான் வெக்க உடல, புது மிஷினு, கண்ணு பட்டுருமேன்னு அந்தப் பூத மூஞ்சிய நாந்தானுங்க மாட்டுனேன். முழியெல்லாம் நம்ம கருப்பண்ணன் எழுதுனது. ஆனா சத்தியமாச் சொல்றேன் சாமி, அது கண்ணு சிமிட்டாதுங்க!"