துருவுக்கு ஓர் உறை

எங்கள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஒரு கார் வாங்கினார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை. அந்தக் காலத்தில் கூபே என்பார்களாம். வாங்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பழைய இரும்புக் கடையில் சாய்ந்து கிடந்ததை லாரியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கினார். இறக்கும்போதே ஒரு கதவு தனியாகக் கையோடு வந்துவிட்டது.

டாக்டரின் மனைவி கடைவீதியில் உறை தைக்கும் கடை வைத்திருப்பவர். சோபா, மெத்தை, தையல் மெஷின், எதைக் காட்டினாலும் அளவெடுத்து உறை தைத்துவிடுவார். அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"தரை எங்கங்க?"

"போட்டுக்கலாம்."

"கூரை?"

"பாதி இருக்கு பாரு."

"அளவெடுக்கிற மாதிரி ஏதாவது ஆனதும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

பின்பக்கக் கொட்டகையில் வேலை ஆரம்பமானது. டாக்டருக்குத் தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு. சொத்தையில் ஊசிமுனை அளவு மிச்சம் வைத்தாலும் அது உள்ளே பரவும் என்பார். துருவையும் அவர் அப்படித்தான் பார்த்தார். கிரைண்டரால் வெட்டினார், சுரண்டினார், தட்டிப் பார்த்து மறுபடி வெட்டினார். புதுத் தகட்டை மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு கொண்டுவந்து, வெல்டிங் வைத்து, பொருத்து தெரியாமல் இழைத்தார். வெட்டியெடுத்த துருத் தகடுகளை எறியவில்லை. பிடுங்கிய பல்லை நோயாளிக்குக் காட்டாமல் அனுப்பாத மனிதர் அவர். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிவைத்தார்.

அந்தச் சுத்தியல் சத்தத்தில் எங்கள் வீட்டில் பகல் தூக்கம் என்பதே ஒழிந்துபோனது. நான் வாய்விட்டே திட்டியிருக்கிறேன். ஆனால் வேலை முடிந்து கொட்டகைக் கதவைத் திறந்து காட்டியபோது வாயடைத்துப் போனேன். ஆகாய நீலத்தில் தகதகவென்று நின்றது. கூரையை இரண்டு விரற்கடை தாழ்த்தியிருந்தார். கதவின் கைப்பிடிகளை உள்ளே புதைத்திருந்தார். ஓட்டுபவர் இருக்கைக்கு, தன் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பல் பிடுங்கும் நாற்காலியையே மாட்டியிருந்தார்.

"இதுல உக்காந்தாலே வாயைத் திறக்கத் தோணுது" என்றார் மனைவி. ஆனாலும் இறங்க மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் பழைய வாகனங்கள் ஒழிப்பு ஆணை வந்தது. பொதுமக்களின் நலன் கருதி, வயதான வண்டிகள் அனைத்தும் நசுக்கப்படும். தொன்மை வாகனம் என்று சான்று பெற்றவற்றுக்கு மட்டும் விலக்கு. டாக்டர் விண்ணப்பித்தார். தொன்மை வாகன அலுவலர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையுடன் நேரில் வந்தார்.

"வண்டி எங்க டாக்டர்?"

"இதோ நிக்குதே சார்."

"இது புதுசு. பழசைக் காட்டுங்க."

"இதுதான் பழசு."

அலுவலர் கைக்குட்டையால் கதவைத் தேய்த்தார். சக்கரத்துக்கு மேலே தேய்த்தார். குனிந்து அடியிலும் தேய்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"தொன்மை என்பது துருவால் அறியப்படும். இதுல துருவே இல்லையே."

"ஒரு பொட்டுகூட விடாம எடுத்துட்டேன் சார்" என்றார் டாக்டர், பெருமையாக.

"எடுத்து எங்க வச்சீங்க?"

சாக்கு வந்தது. அலுவலர் உள்ளே கைவிட்டுத் தேய்த்தார். கைக்குட்டை செக்கச்செவேலென்று வெளியே வந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அருமையான வண்டி. நல்லாப் பராமரிச்சிருக்கீங்க. இதுக்குச் சான்று உடனே கொடுத்துடலாம்."

"அப்ப இது?" டாக்டர் நீலக் காரைக் காட்டினார்.

"பேர் தெரியாத புது வண்டி. எந்தத் தொழிற்சாலைல செஞ்சது?"

"இந்தக் கொட்டகைல."

"அப்ப இந்தத் தொழிற்சாலையோட முதல் வண்டி. மோதல் சோதனை பண்ணணும். எங்க ஆபீஸ் சுவர்ல மோதவிட்டுப் பார்ப்போம். பாதுகாப்பானதுன்னு தெரிஞ்சா, இதே மாதிரி எத்தனை வேணும்னாலும் செஞ்சு ஓட்டுங்க."

"மோதின வண்டி?"

"சோதனைக்கு ஆன வண்டியை ரோட்டுல விட முடியுமா? நசுக்கிடுவோம்."

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ பேரை அழவைத்த அந்த மனிதர் கண்கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

டாக்டரின் மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு முன்னால் வந்தார்.

"சார், சாக்குல இருக்கிறது தொன்மை வாகனம்தானே?"

"சந்தேகமே வேண்டாம்மா."

"அது மழையில நனையலாமா?"

"கூடவே கூடாது. தகுந்த உறை இல்லாம வெளியே எடுக்கக்கூடாதுன்னு விதியே இருக்கு."

"துணியில்தான் இருக்கணும்னு விதி இருக்கா?"

"தகுந்த உறைன்னுதான் இருக்கு."

அந்த அம்மாள் சாக்கைத் தூக்கினார். நீலக் காரின் டிக்கியைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். "தகுந்திருக்கா பாருங்க" என்றார்.

அலுவலர் ஒரு சுற்று சுற்றி வந்தார். "உறைக்குச் சக்கரம் இருக்கே."

"பெட்டிக்கெல்லாம் இருக்கே சார்."

"இஞ்சின்?"

"இருக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கா?"

அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை. சாக்குக்குத் தொன்மை வாகனச் சான்றும், காருக்கு உறைச் சான்றும் கிடைத்தன. அன்று மாலை டாக்டர் தன் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து உறையை ஓட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். நாங்கள் கைதட்டினோம்.

கைதட்டியதோடு நின்றிருக்கலாம். தொன்மை வாகனத்துக்கு வரி கிடையாது, எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது மெல்லப் பரவியது. ஊரில் புதுக் கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் டிக்கியில் ஒரு பை துரு வைத்துக்கொண்டார்கள். பிறகு அதுவே நாகரிகமாகிவிட்டது. விருந்துகளில் "உங்களுது எந்தக் காலத்துத் துரு?" என்று விசாரித்தார்கள். வசதியானவர்கள் வெல்வெட் பையில் வைத்தார்கள், அந்தப் பைகளுக்கு டாக்டரின் மனைவியிடம்தான் கூட்டம். பூங்காவில் ஊஞ்சல் காணாமல் போனது. பள்ளிக்கூடத்துக்கு வாயிற்கதவு இல்லாமல் போனது. கடைசியில் டாக்டரின் டிக்கியிலிருந்த சாக்கையும் யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

அலுவலர் மறுபடி வந்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"இப்ப இது எதுக்கு உறை டாக்டர்?"

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் காலி டிக்கியை மூடிவிட்டு அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டார். ஊரில் வேறு துருவும் மிச்சமில்லை, வெறும் உறை சாலையில் ஓட முடியாது. சோதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

தெருவே திரண்டு அலுவலகத்துக்குப் போனது. சரிவின் உச்சியில் காரை நிறுத்தி, சுவரைப் பார்த்துத் தள்ளிவிட்டார்கள். பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். டாக்டர் திரும்பி நின்றுகொண்டார். பெரிய சத்தம் கேட்டது.

புழுதி அடங்கிப் பார்த்தால் காரின் மூக்கில் ஒரு சின்ன நெளிவு. சுவரைத்தான் காணோம். அரசாங்கச் சுவர், எப்போது விழலாம் என்று காத்திருந்திருக்கிறது. இடிபாட்டுக்குள்ளிருந்து கம்பிகள் எட்டிப் பார்த்தன. எல்லாம் தலைமுறை கண்ட அசல் துரு.

அழ வந்த கூட்டம் அப்படியே பாய்ந்தது. அலுவலர்தான் முதலில் குதித்தார். கைக்குட்டையெல்லாம் எடுக்கவில்லை, அள்ளினார். எனக்கும் ஒரு முழக் கம்பி கிடைத்தது, பக்கத்துத் தெரு வக்கீல் பிடுங்கிக்கொண்டார். இந்தத் தள்ளுமுள்ளுக்கு நடுவில் டாக்டரின் மனைவி காலடியில் கிடந்த ஒரே ஒரு துண்டை எடுத்து டிக்கியில் போட்டு மூடினார்.

"உள்ள பொருள் வந்தாச்சுங்க. வண்டியை எடுங்க, போகலாம்."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அவர்கள் போனதைத் தடுக்க யாருக்கும் கை ஒழியவில்லை. மூக்கின் நெளிவை மறுநாளே தட்டி எடுத்துவிட்டார். இன்றைக்கும் இருவரும் அதில்தான் கடைக்குப் போய் வருகிறார்கள்.

அலுவலகத்துக்கு இன்னும் மூன்று சுவர்கள் மிச்சமிருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் கம்பி உண்டு என்று பேச்சு. மோதும் வண்டியின் சொந்தக்காரருக்கு முதலில் பொறுக்கும் உரிமை உண்டு என்று அலுவலர் அறிவித்தாலும் அறிவித்தார், சோதனைக்குத் தங்கள் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி விடியற்காலையிலேயே ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். என் கார் போன வாரம்தான் வாங்கியது, இருக்கையில் போட்ட பாலிதீன் தாளைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. எனக்கு முன்னால் அந்த வக்கீல் நிற்கிறார்.