சத்தமில்லாத மீன்வண்டி

பெட்டி நிறைய மீனோடு எலிசா தெருவில் நின்றாள். ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

எப்படித் திறக்கும்? அது சைவத் தெரு. நகரப் போக்குவரத்துத் திட்டத்தில் மீன் விற்பவர்களுக்கு மின்ஸ்கூட்டர் கொடுத்த ஸ்மிதா மேடம், வரைபடத்தைப் பார்த்து, இதுவரை மீன்காரி யாரும் போகாத தெருவாக இவளுக்கு ஒதுக்கியிருந்தார். ஏன் போகவில்லை என்பது வரைபடத்தில் இல்லையே!

எலிசா வேறு தெரு கேட்கவில்லை. பஸ்ஸில் மீன்கூடையோடு ஏறினால் ஆள்கள் மூக்கைப் பொத்துவார்கள். அந்த அவமானத்திலிருந்து காப்பாற்றிய மேடத்துக்காகத் தினமும் மாதாவிடம் ஜெபம் சொல்கிறவள், தந்த தெருவை வேண்டாம் என்பாளா? வண்டி சத்தமில்லாமல் வருவதால்தான் விற்கவில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

தம்பி லிஜோ ரப்பர் ஹாரன் மாட்டினான். அமுக்கியதும் பிள்ளைகள் ஓடிவந்தார்கள், ஐஸ் வாங்க. பெட்டியைத் திறந்தாள். சூரை மீன் முறைத்தது. பிள்ளைகள் அழுதுகொண்டே ஓடினார்கள்.

விடுவானா லிஜோ? கல்ஃபிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கரைக் கட்டி, அக்காவின் குரலைப் பதிவுசெய்துவிட்டான். சரியாக அந்தத் தெருப் பெரியவர் பகவதியப்பன் வீட்டு வாசலில் பொத்தான் சிக்கிக்கொண்டது. உள்ளே அவர் பூஜை மணி ஆட்ட ஆட்ட, வெளியே "அயிலை, சாளை, நெத்தோலி" என்று ஊரே அதிர்ந்தது. எலிசா ஸ்பீக்கரைத் தட்டினாள், முந்தானையால் பொத்தினாள். அது இன்னும் உரக்கக் கத்தியது.

சாயங்காலமே ஸ்மிதா மேடம் போனில் அழைத்தார். சத்தம் தாங்க முடியவில்லை என்று பகவதியப்பன் மனு கொடுத்துவிட்டாராம்.

"அவரு சம்மதிக்கலன்னா வண்டியத் திருப்பிக் குடுக்கணும் அக்கா," என்றார்.

மறுநாள் எலிசா ஸ்பீக்கரையும் ஹாரனையும் கழற்றி எறிந்துவிட்டுப் பகவதியப்பன் வீட்டுக்குப் போனாள். முன்கதவு பூட்டியிருந்தது. பின்பக்கச் சந்துக்குள் வண்டியை விட்டாள். புறவாசலில் பகவதியப்பனே நின்றார்.

"மன்னிச்சிருங்கோ அண்ணாச்சி. இனி இந்தப் பக்கமே வரமாட்டேன். வண்டிய மட்டும் காப்பாத்தித் தாருங்கோ," என்றாள். கண் கலங்கிவிட்டது.

அவர் சந்தின் இரு முனையையும் எட்டிப் பார்த்தார். பிறகு முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த சட்டியை நீட்டினார்.

"வராம இருந்துராத மக்கா. இப்படிச் சத்தமில்லாத மீன்வண்டி ஒண்ணு வராதான்னு இந்தச் சந்துல அத்தன புறவாசலும் எத்தன வருசமாக் காத்துக் கெடக்கு. அந்த ஸ்மிதா புள்ள நல்லாருக்கணும்."