நடுப்பாலத்துத் தக்காளி

இக்கரை நாட்டுக்கும் அக்கரை நாட்டுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்தின் இரண்டு முனையிலும் நாட்டுக்கொரு கதவு, கதவுக்கொரு அதிகாரி, அதிகாரிக்கொரு மின்விசிறி. இவ்வளவு வசதி இருந்தும் இரு நாடுகளுக்கும் இடையே ஒரு கத்தரிக்காய்கூடக் கைமாறாமல் இருப்பது நாகரிகமல்ல என்று இரு அரசுகளுக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. உடனே ‘வேளாண் மற்றும் உணவுப் பொருள் இருதரப்பு வணிக நல்லுறவு உடன்படிக்கை’ கையெழுத்தானது. அமைச்சர்கள் கைகுலுக்கினார்கள். படம் சரியாக விழவில்லை என்று புகைப்படக்காரர் சொன்னதும் மறுபடி குலுக்கினார்கள்.

உடன்படிக்கையில் ஒரு நல்ல விதி இருந்தது. ஒரு நாட்டின் லாரியை மற்ற நாடு எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறதோ, அவ்வளவு நேரமே அந்த மற்ற நாட்டின் லாரியும் இங்கே நிறுத்தப்படும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. யாரும் யாரையும் வீணாகக் காக்க வைக்கக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தோடு எழுதப்பட்ட விதி அது.

முதல் லாரி இக்கரையிலிருந்து தக்காளியோடு புறப்பட்டது. ஓட்டியவன் புதிதாகக் கல்யாணமானவன். “சாயங்காலம் வந்துடுவேன், எனக்கும் சேர்த்து சமைச்சு வை” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவன். அதே நேரம் அக்கரையிலிருந்து ஒரு முட்டை லாரி கிளம்பியது. அதை ஓட்டிய அம்மாளுக்கு நடுத்தர வயது, ஹாரன் தேவைப்படாத குரல். நடுப்பாலத்தில் இரண்டு லாரிகளும் ஒன்றையொன்று உரசாமல் விலகி, எதிரெதிர்க் கதவுகளுக்குப் போய் நின்றன.

“சார், கதவைத் திறங்க. தக்காளி” என்றான் டிரைவர்.

“திறக்கத்தானே உட்கார்ந்திருக்கேன்” என்றார் அக்கரை அதிகாரி. “எங்க முட்டை லாரியை உங்க ஆள் விட்டுட்டாரா?”

“தெரியலையே சார்.”

“அவர் விடறதுக்கு முன்னாடி நான் விட்டா, எங்க லாரி அதிக நேரம் நின்னதா ஆயிடும். விதிமீறல். என் பென்ஷனே போயிடும். அவர் விட்டதும் ஒரு குரல் குடுங்க, ஓடி வந்து திறக்கறேன்.”

அந்தப் பக்கம் இக்கரை அதிகாரியும் முட்டைக்கார அம்மாளிடம் இதையேதான் சொன்னார். அவருக்கும் பென்ஷன் இருந்தது.

டிரைவர் யோசித்துப் பார்த்தான். வந்த வழியே திரும்பிப் போய்விடலாம் என்று வண்டியைத் திருப்பினான். இக்கரை அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

“இது எங்கேருந்து வருது?”

“சார், நான்தான். காலையில நீங்கதானே வெளிய அனுப்பினீங்க?”

“அது ஏற்றுமதி. இது இறக்குமதி. தக்காளி இறக்குமதிக்கு நம்ம நாட்டுல தடை இருக்கு. நம்ம விவசாயியைக் காப்பாத்தணுமா வேண்டாமா?”

“இதை விளைவிச்சதே நம்ம விவசாயிதானே சார்?”

“அப்போ அவரைக் காப்பாத்தறதுக்காகத்தான் தடுக்கறேன்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

அதிகாரிகள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறந்தால் விதி கெடாது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். மறுநாள் காலை பத்து மணி என்று முடிவாயிற்று. ஆனால் இரு நாட்டுக் கடிகாரங்களுக்கும் அரை மணி வித்தியாசம். அக்கரையில் பத்தடித்ததும் அவர் கதவைத் திறந்தார், எதிர்க்கதவு அசையவில்லை. அவமானப்பட்டு மூடினார். இக்கரையில் பத்தடித்தபோது இவர் திறந்தார். எதிர்க்கதவு மூடிக் கிடந்தது. இவரும் அவமானப்பட்டு மூடினார். இரு நாடுகளும் தங்கள் கண்டனத்தை எழுத்து மூலம் தெரிவித்துக்கொண்டன. எந்தக் கடிகாரம் சரி என்று ஆராய ஒரு கூட்டுக் குழு அமைக்கப்பட்டது. குழு எத்தனை மணிக்குக் கூடுவது என்பதில் பிரச்சினை வந்ததால் அது கூடவே இல்லை.

டிரைவர் வீட்டுக்குப் போன் செய்தான்.

“பாலம்தானே, நடந்து வந்துடுங்க” என்றாள் மனைவி.

“லாரியை விட்டுட்டு வந்தா முதலாளி தோலை உரிச்சுடுவார்டி.”

“அப்போ கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே, பாலத்துலதான் குடித்தனம்னு.”

எந்தக் கதவும் ஏற்காத இரண்டு லாரிகளும் நடுப்பாலத்துக்கு வந்து பக்கம் பக்கமாக நின்றன. வெயில் காலம். தக்காளி முதலில் பழுத்தது, பிறகு கனிந்தது, பிறகு வழிந்தது. முட்டைக்கார அம்மாளின் முதலாளி, கோழியையும் சேவலையும் பிரித்து வைக்கும் அளவுக்கு ஈவிரக்கமற்றவர் அல்ல. ஒரு நாள் காலையில் முட்டை லாரிக்குள்ளிருந்து கீச்கீச்சென்று சத்தம் வந்தது.

“அக்கா, உங்க சரக்கு பேசுது” என்றான் டிரைவர்.

“உன் சரக்கு முளைச்சிருக்கு, அதைப் பாருடா முதல்ல” என்றாள் அக்கா.

உண்மைதான். அழுகிய தக்காளிக்கும் வைக்கோலுக்கும் நடுவே லாரியின் தளம் முழுக்கப் பச்சையாகத் தலைநீட்டியிருந்தது. அக்கரைக்கு இக்கரை பச்சை என்பார்கள். இங்கே இரண்டு கரையையும்விட நடுப்பாலம் பச்சை. வாளியைக் கயிற்றில் கட்டி ஆற்றுத் தண்ணீர் இறைத்தார்கள். கோழி எச்சம் உரமாயிற்று. செடியை அரித்த புழு கோழிக்கு இரையாயிற்று. இரு நாட்டு வேளாண் துறைகளும் பல ஆண்டுகளாகக் கருத்தரங்கு நடத்தித் தேடிக்கொண்டிருந்த கூட்டுப் பண்ணை, யாரும் கவனிக்காதபோது நடந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்து இரண்டு தலைநகரங்களிலிருந்தும் சிறப்பு அனுமதி வந்து சேர்ந்தது. தக்காளியும் முட்டையும் உடனே கடக்கலாம்.

அக்கரை அதிகாரி அனுமதியை எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு ஓடி வந்தார். “தக்காளி எங்கே?”

“இதோ சார்.”

“இது செடியாச்சே!”

“இதுலதான் சார் வரும்.”

“வந்ததும் சொல்லுங்க” என்று திரும்பிப் போனார். அந்தப் பக்கம் இக்கரை அதிகாரியும் கோழிகளைப் பார்த்துவிட்டு, “முட்டை போட்டதும் சொல்லுங்கம்மா” என்று போயிருந்தார்.

தக்காளி காய்த்தது, கோழி முட்டையிட்டது. இரண்டு அதிகாரிகளும் வந்தார்கள். வந்தவர்கள் முகம் வாடிப் போயிற்று.

“அனுமதி இக்கரைத் தக்காளிக்கு” என்றார் அக்கரை அதிகாரி. “இது பாலத்துல விளைஞ்சது. விளைந்த நாடுங்கற இடத்துல நான் என்னன்னு எழுதறது?”

“பாலம்னு எழுதுங்க” என்றாள் அக்கா.

“பாலத்தோட எங்களுக்கு உடன்படிக்கை இல்லையேம்மா.”

“அப்போ போட்டுக்குங்க. யார் வேண்டாம்னா?”

அவள் எரிச்சலில் சொன்னது. ஆனால் அரசாங்கத்தில் எரிச்சலுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. அதனால் அது யோசனையாகப் பதிவாயிற்று. பாலத்தின் மேல் கம்பளம் விரித்தார்கள். இரு நாட்டு அமைச்சர்களும் வந்தார்கள். பாலத்தின் வேளாண் அமைச்சராக டிரைவரும், கால்நடை அமைச்சராக அக்காவும் கையெழுத்திட்டார்கள். டிரைவருக்குச் சட்டையில் பொத்தான் இல்லாததால் அக்கா தன் சால்வையைப் போர்த்திவிட்டாள்.

“தம்பி, சிரி. போட்டோ எடுக்கறாங்க.”

“எனக்கு வீட்டுக்குப் போகணும்க்கா.”

“அமைச்சர்னா அப்படியெல்லாம் நினைச்ச நேரம் வீட்டுக்குப் போக முடியாது. சிரி.”

முதல் கூடைத் தக்காளி இரு தலைநகரங்களையும் அடைந்தது. அங்கே இருக்கிறவர்களுக்கு எதையும் சும்மா தின்னப் பிடிக்காது. ‘எந்த நாட்டு மண்ணும் தொடாத தக்காளி’ என்று ஒரு டாக்டர் தொலைக்காட்சியில் சொன்னார். மண்தான் எல்லா நோய்க்கும் காரணம் என்பது அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நடுப்பாலத் தக்காளி இல்லாத விருந்துக்குப் போவதைப் பெரிய மனிதர்கள் தவிர்த்தார்கள். அதில் மெல்லிய டீசல் மணம் இருப்பதாகவும், நாக்கு தேர்ந்தவர்களுக்கு மட்டுமே அது பிடிபடும் என்றும் ஒருவர் பத்திரிகையில் எழுதினார். மறுநாளே டீசல் மணக்காத தக்காளியை ஜனங்கள் கடையில் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு லாரியில் எவ்வளவுதான் விளையும்? தேவையோ மலையளவு. அதிகாரிகள் இருவரும் இதற்குள் நண்பர்களாகியிருந்தார்கள். அவர்கள்தான் வழி சொன்னார்கள்.

“இக்கரைத் தக்காளி பாலத்துக்கு வரட்டும்” என்றார் இக்கரை அதிகாரி. “கொஞ்ச நேரம் இருக்கட்டும். நீங்க ஸ்டிக்கர் ஒட்டுங்க. நடுப்பாலத் தக்காளியா இக்கரைக்கே திரும்பிப் போகட்டும்.”

“இறக்குமதிக்குத் தடைன்னீங்களே சார்?”

“அது வெளிநாட்டுத் தக்காளிக்கு. உங்களோடதான் உடன்படிக்கை இருக்கே?”

டிரைவர் அக்காவைப் பார்த்தான்.

“இது பொய் இல்லையாக்கா?”

“பாலத்துக்கு வந்துச்சா, இல்லையா?”

“வந்துச்சு.”

“அப்புறம் என்ன? ஒட்டு.”

இக்கரைத் தக்காளி இக்கரைக் கதவு வழியே வந்து, ஸ்டிக்கரோடு இக்கரைக் கதவு வழியே திரும்பியது. அதே மவுசு கண்ட அக்கரை முட்டையும் அப்படியே. எந்த லாரியும் எதிர்க்கதவுக்குப் போகவில்லை என்பதால் எந்த லாரியும் நிற்கவில்லை. விதி ஒருமுறைகூட மீறப்படவில்லை. இருதரப்பு வணிகம் வரலாறு காணாத உயரத்தை எட்டியதாக இரு நாடுகளும் கூட்டறிக்கை விட்டன. ஸ்டிக்கர் ஒட்டும் வேலையில் இரண்டு அமைச்சர்களும் மூழ்கியிருந்தபோது, லாரியில் இருந்த செடிகளைக் கோழிகள் வேரோடு கொத்தித் தின்றுவிட்டன. பாலத்தில் இப்போது ஒரு தக்காளிச் செடிகூடக் கிடையாது. அதை யாரும் கேட்கவில்லை, அமைச்சர்களும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு நாள் டிரைவருக்கு வீட்டுக்குப் போக வழி பிறந்தது. அயல்நாட்டு அமைச்சரின் நல்லெண்ணப் பயணம் என்று விசா கொடுத்தார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். சொந்தத் தெருவில் வந்து இறங்கி, சொந்தக் கதவைத் தட்டினான்.

மனைவி கதவைத் திறந்து, ஏற இறங்கப் பார்த்தாள். “சாயங்காலம் வர்றேன்னீங்க. எந்த வருஷத்துச் சாயங்காலம்னு கேட்டு வெச்சுக்காதது என் தப்பு.” சொல்லிவிட்டு அழுதாள். அவனுக்கும் கண் கலங்கியது. பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனை உட்கார வைத்து, ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். தட்டில் தக்காளியை வட்ட வட்டமாக நறுக்கி, உப்புத் தூவியிருந்தாள்.

“உங்களுக்காகத்தான். வரிசையில நின்னு வாங்கினேன். நடுப்பாலத் தக்காளி.”

டிரைவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஊரை ஏமாற்றலாம், வீட்டை ஏமாற்றலாமா? கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் சொன்னான்: “யார்கிட்டயும் சொல்லிடாதே. இது நம்ம தெருக்கோடியில இருக்கே, அந்த வயல்ல விளைஞ்சது. பாலத்துல இப்போ ஒண்ணுமே விளையறதில்ல. ஸ்டிக்கரை ஒட்டினதே நான்தான்.”

அவள் சிரித்தாள். “நீங்க ஒட்டிக்கிட்டே இருங்க. எனக்கு வித்தியாசம் தெரியாதா? அந்த வயல் தக்காளியை நான் போன வாரம்கூட வாங்கினேன். வாயில வைக்க முடியல, அவ்வளவு புளிப்பு. லாரி ஓட்டறவருக்குத் தக்காளியைப் பத்தி என்ன தெரியும்? முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசுங்க.”

அவளைச் சமாதானப்படுத்துவதற்காக ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான். கூரையைப் பார்த்தான். மறுபடி மென்றான். தட்டு காலியானது அவனுக்கே தெரியவில்லை.

“இன்னொண்ணு நறுக்கேன்” என்றான்.

மறுநாள் காலையில் அக்காவுக்குப் போன் செய்தான். அவளும் நல்லெண்ணப் பயணமாகத் தன் ஊருக்குப் போயிருந்தாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. நம்ம சரக்கு உண்மையிலேயே நல்லாத்தான்க்கா இருக்கு.”

“அதையேதான் நானும் சொல்ல நினைச்சேன்டா” என்றாள் அக்கா. “நேத்து எங்க வீட்டுல நம்ம முட்டை. என்ன ருசி! பின்னே என்ன, ஜனங்க சும்மாவா வரிசையில நிக்கறாங்க?”