செங்குட்டுவன் ஏன் சிரித்தார்?

விடுதலையான மறுநாள் காலையில், பால் வாங்கக்கூட செங்குட்டுவனால் வெளியே போக முடியவில்லை. திருவொற்றியூரில் அவர் குடியிருந்த சந்துக்குள் ஆட்டோ நுழைவதே கஷ்டம். அதற்குள் டி.வி. வண்டிகள் எப்படியோ புகுந்து வரிசையாக நின்றிருந்தன.

எண்ணூர் பக்கம் ஒரு குடோன் தீப்பிடித்து, மூன்று பேர் உள்ளேயே இறந்துபோனார்கள். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. அன்றைய ஷிப்ட் சூப்பர்வைசர் செங்குட்டுவன்தான். வழக்கு பல வருஷம் இழுத்தது. அந்தச் சாவி அவர் கைக்கு வந்ததே இல்லை என்று நேற்று நீதிபதி சொல்லிவிட்டார். ஆனால் டி.வி.யில் தீர்ப்பு ஓடவில்லை. கோர்ட்டுப் படியில் இறங்கும்போது செங்குட்டுவன் ஒரு கணம் சிரித்ததுதான் திரும்பத் திரும்ப ஓடியது. வாயைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு.

“மூஞ்சிய கல்லு மாரி வெச்சுகினு போய்ட்டு வா மாமா,” என்றான் மச்சான் சித்தார்த். ஆட்டோ ஓட்டுகிறவன். நேற்றிலிருந்து வண்டியை எடுக்காமல் அக்கா வீட்டிலேயே ஆலோசகராக உட்கார்ந்திருந்தான்.

செங்குட்டுவன் கல் மாதிரி போய்ப் பால் வாங்கி வந்தார். பால் பொங்குவதற்குள் டி.வி.யில் வந்துவிட்டது: ‘துளியும் வருத்தம் இல்லாத முகம்!’

கொஞ்சம் வருத்தமாக இருந்தால்தான் என்ன என்று மனைவி கார்குழலி கேட்டாள். அடுத்த முறை வக்கீலைப் பார்க்கக் கிளம்பியபோது, ஒருவர் மைக்கை நீட்டி இறந்த மூவரின் பெயரையும் சத்தமாகச் சொன்னார். மூன்று பேரும் செங்குட்டுவனோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். கண்ணீர் தானாகவே வந்தது. மேலே நடக்க முடியாமல் திரும்பி வந்தார்.

அதற்குள் நான்கு பேர் அந்தக் கண்ணீரைப் பற்றி விவாதம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நிஜமாக அழுதால் மூக்கும் சிவக்க வேண்டும் என்றார் ஒரு நிபுணர். கார்குழலி புருஷனின் மூக்கைப் பார்த்தாள். சிவந்துதான் இருந்தது.

“டி.வி.ல கலர் சரியா தெர்ல போல,” என்றாள்.

பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போய்ப் பார்த்தார். ‘எதை மறைக்கிறார்?’ என்றார்கள். பொறுக்க முடியாமல் சித்தார்த்தே வெளியே போய், எங்கள் மாமா சும்மாதான் சிரித்தார், இதில் ஒன்றும் இல்லை என்று பேட்டி கொடுத்தான். அவன் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், ‘சும்மாதான் சிரித்தேன்: ஒப்புக்கொண்டார் செங்குட்டுவன்’ என்று எழுத்து ஓடியது.

மத்தியானம் மணலியிலிருந்து போன் வந்தது. விடுதலையானதும் வேலை தருவதாகச் சொல்லியிருந்த கம்பெனி. இதெல்லாம் அடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். சித்தார்த் அதற்குப் பிறகு யோசனை எதுவும் சொல்லவில்லை.

கார்குழலி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தனை வருஷமும் வாய்தாவுக்கு வாய்தா கூடவே போனவள்.

“நீ அப்டி சிரிக்கிற ஆளு இல்ல. எதுக்கு சிரிச்சன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. சொல்லேன்.”

“சொன்னா இந்த வண்டிங்க இன்னொருத்தர் வூட்டு வாசல்ல போய் நிக்கும்,” என்றார் அவர். “வேணாம். நம்ம வூட்டாண்டயே இருக்கட்டும்.”



சாயங்காலம் சந்து திடீரென்று அமைதியானது. நெட்டுக்குப்பத்திலிருந்து புஷ்பவல்லி வந்திருந்தாள். தீயில் இறந்த மூவரில் ஒருவன் அவளுடைய ஒரே மகன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். சாட்சிகள் சொன்னதை ஒன்று விடாமல் கேட்பாள். செங்குட்டுவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. மண்ணை வாரித் தூற்றத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கார்குழலி கதவைச் சாத்தப் போனாள். கேமராக்களும் அதையே எதிர்பார்த்து நெருங்கின.

செங்குட்டுவன் வெறுங்காலோடு வெளியே ஓடினார்.

“வேணாம்மா. ஒண்ணும் பேசாத. போய்டு,” என்று கைகூப்பினார்.

‘இறந்தவரின் தாயையே மிரட்டுகிறார்’ என்று ஒருவர் அங்கேயே மைக்கில் ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் புஷ்பவல்லியின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, உங்கள் மகன் இறந்த வழக்கில் இந்த மனிதர் சிரித்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டார்.

புஷ்பவல்லி செங்குட்டுவனின் கூப்பிய கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

“அவரு பதிலுக்குத்தான் நைனா சிரிச்சாரு. மொதல்ல சிரிச்சது நானு.”