வரைபடம் வாசித்து நான் தோண்டிய பிரேதம்

எனக்கு ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள் (நடுவில் அவள் சிரிப்பதற்கு நான் பொறுப்பில்லை). அப்படிப்பட்ட நான் முதன்முதலாக வாசித்த கடதாசி, கனடாவில் நாங்கள் இருக்கிற மொன்றியல் நகரத்தின் பழைய வரைபடம் ஒன்று.

அது மருமகனுடையது. நிலத்துக்கடியில் இரும்பு, செம்பு இருந்தால் கத்துகிற கருவி ஒன்று வைத்திருக்கிறார். ஆனால் கண்டபடி தேடமாட்டார். அந்தக் காலத்தில் சந்தை எங்கே, லாயம் எங்கே என்று வரைபடத்தில் பார்த்து, அந்த இடம் இப்போது எது என்று கண்டுபிடித்துத்தான் தோண்டுவார். வீட்டுக்குக் கட்டம், மரத்துக்குப் புள்ளி, ஆற்றுக்குக் கோடு. எழுத்தே தேவையில்லை! நான் துள்ளிவிட்டேன்.

வில்லரே என்கிற எங்கள் பகுதியில், எங்கள் பின்வளவிலேயே ஒரு குதிரை லாயம் இருந்ததாம்.

"சனிக்கிழமை தோண்டுவம் மாமி" என்றார்.

சனிக்கிழமை வரைக்கும் யார் பொறுப்பது? எழுத்துத் தெரியாதவள் லாயத்தைக் கண்டுபிடித்தாள் என்று வீடே வாய் பிளக்க வேண்டும், எனக்கு அதுதான் ஆசை. நவம்பர் காலை, மருமகன் வேலைக்குப் போய்விட்டார், மகள் இரவு வேலை முடித்துப் படுத்திருந்தாள். வரைபடத்தின் கிழக்குப் பக்கத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்தேன் (ஊரில் கிணறு வெட்டினாலும் அப்படித்தானே திசை பார்ப்போம்). லாயம் பக்கத்து இத்தாலிக் கிழவரின் வளவுக்குள் போய்விட்டது. நடுவில் வேலி இல்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அங்கே புதுமண் குவிந்திருந்தது. கருவியை வைத்தேன். வீல் என்று கத்தியது.

தோண்டினேன். ஒரு தகரம். தூக்கினால், கம்பளத்தில் சுற்றி, கயிற்றால் கட்டி, ஆள் நீளத்துக்கு ஒன்று படுத்திருக்கிறது.

"பிள்ளை, ஓடி வா! கிழவன் மனுசியைப் புதைச்சு வைச்சிருக்கிறான்!"

மகள் நைற்றியோடு ஓடி வந்தாள். "அம்மா, அவவை நேற்றும் கடையில கண்டனான்!"

"அப்ப இது வேற மனுசி!"

கிழவர் ஓடிவந்து முழங்காலில் விழுந்து அந்தப் பொட்டலத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு உறுதியாகிவிட்டது. மகள் அவரோடு பிரெஞ்சில் கதைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது அத்திமரம் அம்மா. குளிருக்குச் சாகாமல் வருசா வருசம் சரிச்சுப் புதைக்கிறவராம். தாயின்ர ஊரில இருந்து கொண்டு வந்த கொப்பாம். இண்டைக்கு உறைபனி விழுமாம், இனித் தப்பாது எண்டு அழுகிறார்."

லாயமாவது மண்ணாவது! மூன்று பேருமாகத் திரும்ப மூடினோம். என்னுடைய இரண்டு போர்வையையும் அதன்மேல் போட்டேன். "செத்துக்கித்துப் போயிடாதை ராசா" என்று மண்ணுக்குள் கெஞ்சினேன்.

மருமகன் வந்து வயிறு நோகச் சிரித்தார். "மாமி, இந்த ஊரில வடக்கெண்டு சொல்றது வடக்கில்லை. தெருவுக்கு ஏத்த மாதிரித் தாங்களே ஒண்டு வைச்சிருக்கினம், வரைபடமும் அப்பிடித்தான் கீறினது. சூரியனை நம்பினது நீங்கள் ஒராள்தான்!" சனிக்கிழமை அவர் சரியான இடத்தில் தோண்டினார். ஒரு குதிரை லாடம் வந்தது. நான் எட்டியும் பார்க்கவில்லை. பனிக்காலம் முழுக்க அந்த மண்குவியலைத்தான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் ஒருநாள், "மதாம்! மதாம்!" என்று கிழவர் கத்தினார். செருப்பும் போடாமல் ஓடினேன். தோண்டி நிமிர்த்தியிருந்த மரத்தில், காய்ந்த கொப்பின் நுனியில் உழுந்தளவு பச்சை. அவர் இத்தாலிய மொழியில் சிரிக்க, நான் தமிழில் அழுதேன்.

அடுத்த முறை மரத்தைப் புதைத்த அன்றே கிழவர் கதவைத் தட்டி ஒரு கடதாசி தந்தார். பென்சிலால் கீறிய வரைபடம். அவர் வீடு ஒரு கட்டம், என் வீடு ஒரு கட்டம், நடுவில் படுத்திருக்கிற மரம், மேலே மண்வெட்டி, மண்வெட்டிக்குக் குறுக்கே பெரிய வெட்டுக்கோடு. பிழையில்லாமல் வாசித்துவிட்டேன். இப்போது வருசா வருசம் ஒன்று வருகிறது, எல்லாம் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு யாராவது வந்து இதென்ன என்று கேட்டால் மருமகன் சொல்வார்:

"இந்த வீட்டில மாமிக்கு மட்டும்தான் கையால எழுதின கடிதம் வாறது."