அம்மன் கேட்ட முடி

தேஜஸின் தலையில் எலி அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அட்டையில் எலி இல்லை. அந்தச் சனிக்கிழமை ஹரிஹரனுக்கு வாய்த்த ஒரே நல்ல சேதி அதுதான்.

"அப்பா, நான் தள்ளல. அவனேதான் ஒளியறேன்னு கட்டிலுக்கு அடியில பூந்தான்" என்றாள் அனு. யூகேஜி படிக்கிற பெண். யாரும் கேட்பதற்கு முன்பே வாக்குமூலம் கொடுத்துவிடுவாள்.

பங்குனி பிறந்து சுற்றுவட்டார வயல்களில் அறுப்பு முடிந்ததும், அங்கிருந்த எலிகளெல்லாம் செங்கல்பட்டு ஓரத்துப் புது வீடுகளுக்குக் குடிவந்துவிட்டன. பசை தடவிய அட்டையை வாங்கிவந்தவன் ஹரிஹரன். "சின்னப் புள்ளைங்க கீற வூட்ல அத வெக்காதீங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டவள் அவன் மனைவி துர்காதேவி. "கட்டிலுக்கு அடியில எவன் போவப் போறான்?" என்று கேட்ட புத்திசாலியும் ஹரிஹரன்தான்.

அட்டை கையிலோ காலிலோ ஒட்டியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். ஒட்டியது தலைமுடியில். அதுவும் சாமிக்கு விட்ட முடியில்.

தேஜஸுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பிறந்த முடி இன்னும் அப்படியே இருந்தது. முதல் பிறந்தநாளுக்கே குலதெய்வம் எல்லையம்மன் கோயிலில் மொட்டை என்று பத்திரிகை அடித்து, சமையலுக்கு ஆள் பேசி, எல்லாம் ஆயிற்று. கடப்பாக்கத்துக்குப் போகும் வழியில், கடலோரச் சவுக்குத் தோப்புக்குள் இருக்கிற கோயில். கிளம்ப வேண்டிய அன்று காலையில் துர்கா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அம்மன் கனவில் வந்தாளாம். 'நானா வந்து கேக்குற வரைக்கும் புள்ள தலையில கத்தி படக் கூடாது' என்றாளாம். சொந்தக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கலைந்துபோனார்கள்.

மீறினால் என்ன ஆகும் என்று அம்மன் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஹரிஹரன் தானே கற்பனை செய்துகொண்டான். முடி சுருள் சுருளாகத் தோள்வரை வளர்ந்தது. துர்கா அதற்கு எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, சீவி, ரிப்பன் கட்டி அழகு பார்த்தாள். பஸ்ஸில் போனால், "பாப்பா பேரு இன்னா?" என்று கேட்காத ஆளில்லை.

இப்போது அந்தத் தலையில் ஓர் அட்டை. துர்கா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். சாயங்காலம் வந்துவிடுவாள்.

முதலில் இழுத்துப் பார்த்தான். தேஜஸ் போட்ட கூச்சலில் தெருநாய் எழுந்து ஓடியது. அடுத்து தேங்காய் எண்ணெயை மடமடவென்று ஊற்றினான். ஊற வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். ஊறப் பொறுமை யாருக்கு இருக்கிறது? பிடுங்கிய பிடுங்கில் அட்டை கையோடு வந்துவிட்டது. பசை வரவில்லை. அது எண்ணெயோடு கூட்டு சேர்ந்து தலை பூராவும் பரவியது. தேஜஸ் இரண்டு கையாலும் தேய்த்து மிச்ச இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

"இன்னா ஹரி, புள்ள இப்டி கத்துது?" பக்கத்து வீட்டுப் பிரபாவதி காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளிடம் சொன்னால் செங்கல்பட்டுக்கே சொன்ன மாதிரி.

"ஒண்ணுமில்லக்கா. கையில பசை ஒட்டிக்கிச்சு."

"கையிலதான? கோதும மாவப் போட்டுத் தேயி. உருண்டு வந்துடும்."

கைக்குச் சொன்ன வைத்தியத்தைத் தலைக்குச் செய்தான் மகராசன். எண்ணெய், பசை, மாவு மூன்றும் சேர்ந்தால் என்ன வரும் என்று சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தவனுக்குக்கூடத் தெரியும். இவன் எட்டிப் பார்த்ததில்லை.

"அப்பா, தம்பி தலையில சப்பாத்தி மாவு கீது" என்றாள் அனு.

"சும்மா இரும்மா."

"எண்ண சட்டியில போட்டா பூரி வரும்ப்பா."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணில் நீர்தான் வந்தது. கத்தரிக்கோலை எடுத்தான். அம்மன் கத்தி என்றுதானே சொன்னாள், கத்தரிக்கோல் என்று சொல்லவில்லையே என்று மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினார். ஒரே ஒரு கொத்து, காதுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாது. வெட்டினான். கொத்து கொஞ்சம் பெரிதாகப் போயிற்று. அந்தப் பக்கத்துக்குச் சமமாக இந்தப் பக்கம் வெட்டினான். இது கூடிப்போனதால் மறுபடி அந்தப் பக்கம். நிமிர்ந்து பார்த்தபோது, பிள்ளை ஆடு மேய்ந்த வரப்பு மாதிரி உட்கார்ந்திருந்தான்.

சலூன்காரர் தேஜஸைச் சுற்றி வந்து பார்த்தார். விரலால் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது.

"இதுல கட்டிங்லாம் ஆவாது சார். வழிச்சிட வேண்டிதான்." சற்றுத் தயங்கி, "சாமி முடியா?" என்று கேட்டார்.

"இல்லியே" என்றான் ஹரிஹரன். பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சாமி முடியை இல்லை என்கிறோமே, இதுக்கு நாக்கு அழுகாதா என்று நினைத்தான். கத்தி இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசியபோதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனையா கெட்ட யோசனையா என்று பார்க்க நேரமில்லை. ஐந்து மணி பஸ் வந்துவிட்டது.

துர்கா வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினாள். மற்றதைக் கழற்ற மறந்து நின்றாள்.

"இன்னாங்க இது?"

"அம்மன் கேட்டுட்டா, துர்கா."

"எங்க கேட்டா?"

"கனவுல. மத்தியானம் துன்னுட்டு சித்த கண்ணசந்தேன். எதிர்ல வந்து நின்னா. 'எனக்கு இப்பவே வேணும், குடு'ன்னா. நான் இன்னா பண்றது சொல்லு?"

"அப்பா, நீ தூங்கவே இல்..." என்று ஆரம்பித்த அனுவின் வாயில் ஏற்கெனவே ஒரு குச்சி ஐஸ் இருந்தது. இன்னொன்றும் செருகப்பட்டது.

சாமியாடுவாள், பாத்திரம் பறக்கும் என்று காத்திருந்தான். ஒன்றும் பறக்கவில்லை. துர்காவின் முகம்தான் வெளுத்துப்போனது.

"உங்க கனவுலயா வந்தா? நெசமாவா?"

"சத்தியமா." சத்தியம் வேறு பண்ணியாயிற்று.

"கோவமா இருந்தாளா?"

"லேசா."

"என்னப் பத்தி எதனா சொன்னாளா?"

"உன்னப் பத்தி அவ இன்னா சொல்லப் போறா?"

துர்கா சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இழுத்து அந்த மொட்டைத் தலையைத் தடவித் தடவி அழுதாள். என்னவொரு பக்தி என்று ஹரிஹரனுக்கு நெஞ்சு வெடித்தது. நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பான்.

அழுகைக்கு நடுவில் அவள் கேட்டாள்: "முடி எங்க? கோயில்ல போடணுமே."

முடி! அதை அவன் யோசிக்கவே இல்லை. "சலூன்ல பத்திரமா கீது" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினான். சலூன்காரர் அன்றைக்கு வெட்டிய முடியையெல்லாம் கூட்டிச் சாக்கில் அள்ளியிருந்தார். "இதுல உங்க புள்ளது எதுன்னு எனக்கு எப்டி சார் தெரியும்?" என்றார். இருட்டுகிற நேரத்தில் கைக்கு வந்ததை, பசை ஒட்டாததாகப் பார்த்து, ஒரு மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு வந்தான்.

துர்கா பையைப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னாங்க, நர முடி கீதே?"

"அம்மன் கை பட்டா அப்டித்தான் ஆவும்போல" என்றான். இதைவிடக் கேவலமான பொய்யை அவன் வாழ்க்கையில் சொன்னதில்லை. அவள் அதையும் நம்பினாள். பையைச் சாமி அலமாரியில் வைத்து, கைகூப்பி, கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிவதற்குள் அவள் அம்மா ஜோதிலட்சுமிக்குச் செய்தி போய், அங்கிருந்து ஊருக்கெல்லாம் போயிற்று. முதலில் வந்தவள் பிரபாவதி. கையில் வெற்றிலைத் தட்டு.

"ஹரி... இல்ல, சாமி."

"அக்கா, வேணாங்க்கா."

"எம்பொண்ணு சகுந்தலாவுக்குத் திருவிடந்தையில மால சாத்தி வேண்டிக்கினு வருசம் போச்சு. ஒரு வரனும் குதிரல. உன் கனவுல அம்மன் எதனா சொன்னாளா?"

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

"ஒரே ஒரு வார்த்த சொல்லு."

அவளை அனுப்பினால் போதுமென்று, "தையில ஆவும், போங்க" என்றான். அவள் குலவை போட்டாள். அதன்பிறகு கேட்கவா வேண்டும்? பட்டா மாறாதவர், மகன் துபாயிலிருந்து பேசாதவர், போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வந்தவர் என்று வாசலில் கூட்டம். ஒருத்தர் காலில் விழுந்தார். அவர் ஹரிஹரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. அங்கேயும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

திங்கட்கிழமை தேஜஸுக்குக் காய்ச்சல் வந்தது.

"சளிதாங்க. மொட்டத் தலையோட வெயில்ல ஆடியிருக்கான். மருந்து குடுங்க, சரியாயிடும்" என்றார் டாக்டர். ஹரிஹரன் தலையாட்டினான், நம்பவில்லை. டாக்டருக்கு அம்மனைப் பற்றி என்ன தெரியும்? கேட்பதற்கு முன்னால் கத்தி வைத்தான். சாமி முடியை இல்லை என்றான். வராத அம்மனை வந்தாள் என்றான். அவள் பேரைச் சொல்லி ஊருக்குக் குறி வேறு சொன்னான். இத்தனைக்கும் சேர்த்து அவள் பிள்ளையிடம் கைவைத்துவிட்டாள். எனக்கு எதனா பண்ணு தாயே, என் கை காலை எடுத்துக்கோ, அவனை விட்டுடு என்று உள்ளுக்குள் கதறினான்.

பிள்ளையின் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் துர்கா. மாறி மாறி ஈரத்துணி போட்டார்கள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

"எல்லாம் என்னாலதாங்க" என்றாள் துர்கா திடீரென்று.

"நீ இன்னாடி பண்ண? சும்மா இரு."

அவள் ஈரத்துணியை எடுத்து மறுபடி நனைத்தாள். ஒரு பாவமும் அறியாதவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாளே என்று அவனுக்கு இன்னும் வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். தேஜஸ் இருமினான். வாயை மூடிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். துர்காவின் தம்பி செல்வராஜ் வேன் ஓட்டுகிறவன். அவன் வண்டியிலேயே எல்லோரும் ஏறினார்கள். மாமல்லபுரம் தாண்டி, உப்பளமெல்லாம் தாண்டிப் போகிறவரை துர்கா பிள்ளையின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். கும்மாளம் எல்லாம் செல்வராஜிடம்தான்.

"இன்னா மாமா, சாமியெல்லாம் உங்ககிட்ட நேரா பேசுதாமே? எங்களுக்கும் கொஞ்சம் சிபாரிசு பண்ணுங்க."

"வாய மூடிக்கினு ஓட்டு மச்சான்."

கோயிலில் பூசாரி மஞ்சள் பையை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். "கேட்டு வாங்குற சாமிம்மா இது. குடுத்து வெச்ச குடும்பம்" என்றார். அவ்வளவுதான். துர்கா நெடுஞ்சாண்கிடையாக மணலில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை.

"தப்புதான் தாயே! மன்னிச்சிடு தாயே! எம்புள்ளைய ஒண்ணும் பண்ணிடாத!"

ஜோதிலட்சுமி தூக்கிப் பார்த்தாள். துர்கா மறுபடி விழுந்தாள். அனு பயந்து அழுதாள். அக்காவைத் தேற்றப்போன செல்வராஜை, ஹரிஹரன் சட்டையைப் பிடித்துச் சவுக்குத் தோப்புக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், யார்கிட்டயாச்சும் சொல்லலன்னா நான் செத்துடுவேன்."

"இன்னா மாமா, இன்னா ஆச்சு?"

"உங்க அக்கா அங்க யாரு பண்ணதுக்கோ மன்னிப்பு கேட்டுக்கினு கீது. மன்னிப்பு கேக்க வேண்டியவன் நானு. எலி அட்ட ஒட்டிக்கிச்சுடா. அத மறைக்கத்தான் மொட்ட. மொட்டைய மறைக்கத்தான் கனவு. என் கனவுல அம்மனும் வரல, ஆத்தாளும் வரல. உங்க அக்கா கனவுல வந்து சொன்ன சொல்ல நான் மீறிட்டேன். அவகிட்ட நான் எப்டிடா சொல்லுவேன்? தாங்க மாட்டாடா!"

சொல்லி முடித்து, சவுக்கு மரத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான் ஹரிஹரன்.

செல்வராஜ் திறந்த வாய் மூடாமல் அவனைப் பார்த்தான். தோப்புக்கு அந்தப் பக்கம் மணலில் புரண்டுகொண்டிருந்த அக்காவைப் பார்த்தான். மறுபடி இவனைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"முடி எடுக்க மனசு வராம அழுத அக்காவுக்கு, அந்தக் கனவு ஐடியாவ குடுத்தது நான்தான். உங்களுக்கு யாரு மாமா குடுத்தா?"